டாலிவர் வாசலில் ஹாய்ட் வீம்ஸ்

ஹாய்ட் வீம்ஸ் யாரையாவது அடிக்கப் போகிறார் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றி, சட்டையின் இடது பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டுவார். இதில் அவர் அவசரப்பட்டு மகள் மார்லா ஒருநாளும் பார்த்ததில்லை. எதிரில் நிற்பவன் கத்திக்கொண்டிருப்பான், கையை ஓங்கிக்கொண்டுகூட இருப்பான். இவர் தலையைக் குனிந்து பொத்தானுக்குத் துளை தேடிக்கொண்டிருப்பார். பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிறாள், பேஸ்பால் மைதானத்தில் பார்த்திருக்கிறாள், ஈஸ்டர் அன்று தேவாலயத்தின் வாசலிலேயே பார்த்திருக்கிறாள். மணி பார்க்கத் தெரியாத வயதிலேயே அந்தக் கடிகாரம் எப்போது பைக்குள் போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தெற்கு அலபாமாவின் பைன் காட்டில் மரம் வெட்டுகிறவர் அவர். இயந்திர வாள் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. அவருடைய அப்பா குதிரைச் சேண வாரால் பிள்ளைகளை அடிக்கிறவர். பதினான்காம் வயதில் ஒருநாள் ஹாய்ட் அந்த வாரைப் பிடித்து, அப்பாவின் மணிக்கட்டிலேயே சுற்றித் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் கோழிக்கூடு வரை கேட்டதாக அவருடைய அக்கா சொல்வாள். அன்றைக்கே காட்டுக்கு வேலைக்குப் போனவர்தான். பத்தொன்பதாம் வயதில் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தபோது, பர்விஸ் டில்மன் என்ற மேஸ்திரி, கட்டைகளைப் புரட்டுகிற இரும்புக் கொக்கியால் எல்லார் முன்னிலையிலும் அவர் தோளில் அடித்துக் காறை எலும்பை உடைத்தான். அவன் கல்லறையில் துப்பிவிட்டுத்தான் நான் சாவேன் என்று ஹாய்ட் அன்றைக்குச் சொன்னது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மனைவியையும் மகளையும் அவர் தொட்டதில்லை. கதவுகளை உடைத்திருக்கிறார். ஒருமுறை குளிர்பதனப் பெட்டியைக் குத்திக் கதவில் பள்ளம் விழவைத்தார். அந்தப் பள்ளத்தின் மீது மனைவி ஃபேய் தேவாலய நாட்காட்டியை ஒட்டிவைத்தாள். மற்ற வீடுகளோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல வீடுதான் என்று மார்லா நம்பினாள். நம்பியது சரியா என்று பிற்பாடு பலமுறை கேட்டுக்கொண்டாள்.

பள்ளி முடிக்கிற வருடம் டாலிவர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது, முக்கால்வாசிச் செலவுக்கு உதவித்தொகையோடு. தூண் வைத்த ஒரு செங்கல் கட்டடம், ஒரு மணிக்கூண்டு, ஓக் மரங்கள். அவள் படித்த உயர்நிலைப் பள்ளியை விட அங்கே பிள்ளைகள் குறைவு. வீம்ஸ் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது.

"அங்க போய் என்னதான் படிப்ப?" என்றாள் ஃபேய். மாவட்ட ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. மகளை நர்ஸ் உடுப்பில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை.

"எல்லாத்துலயும் கொஞ்சம்மா. தத்துவம், வரலாறு, உயிரியல், கவிதை..."

"சரி, கடைசில என்னவா வெளிய வருவ? நர்ஸுக்குப் படிச்சவ நர்ஸா வர்றா. வெல்டிங் படிச்சவன் வெல்டரா வர்றான். நீ?"

"கவிதை சொல்ற ஓட்டல்காரியா வருவா," என்றான் ஃபேயின் தம்பி டப், வேகவைத்த வேர்க்கடலையை உரித்தபடி. "'டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்? அதுக்கு முன்னால ஒரு கவிதை கேளுங்க.' என்ன மச்சான், நான் சொல்றது?"

ஹாய்ட் சிரிக்கவில்லை. "நேர்ல போய்ப் பாத்துட்டு வருவோம். நடந்து பாக்காம எந்தக் காட்டையும் நான் வெட்டறதுக்கு எடுத்ததில்ல."

மார்லாவுக்கு அந்தக் கல்லூரி வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது, அங்கே இன்னும் முடிவாகாத ஏதோ இருந்தது என்று மட்டும் தோன்றியது. அது போதுமான காரணமா என்று தன்னையே கேட்டுப் பார்த்து, இல்லை என்று பதில் வந்து, அப்புறமும் வேண்டும் என்றே இருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, புதுப் பிள்ளைகளும் பெற்றோரும் கல்லூரியைப் பார்க்க வரலாம் என்று அழைத்திருந்தார்கள். அம்மாவுக்கு வேலை நாள். ஹாய்ட் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, பிக்கப் வண்டியின் பின்பக்கத்திலிருந்த சங்கிலிகளை இறக்கிவைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கல்லூரிக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. முன்னால் போலீஸ் வண்டி, அடுத்து சவ வண்டி, அதன் பின்னே பகலிலும் விளக்கு எரிய வரிசையாகக் கார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, சாலையில் போனவர்கள் எல்லாரும் வண்டியை ஓரம் கட்டினார்கள். பால் லாரி நின்றது. பள்ளி வாகனம் நின்றது. ஹாய்ட் எஞ்சினை அணைத்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊர்வலம் அவர்களுக்கு எதிரே சாலையைக் குறுக்கே கடந்து கல்லறைத் தோட்டத்துக்குள் திரும்பத் தொடங்கியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளி நிறச் சின்னக் கார் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு நின்றவர்களையெல்லாம் தாண்டி வந்து, சவ வண்டிக்கும் குடும்பத்தார் வந்த காருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து போய்விட்டது. குடும்பத்தாரின் கார் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே ஒரு பெண்மணியின் தொப்பி முன் கண்ணாடியில் போய் மோதியதை மார்லா பார்த்தாள். போன காரின் பின்னால் டாலிவர் மணிக்கூண்டின் படம் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தாள். அப்பா பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஹாய்ட் உடனே துரத்தவில்லை. கடைசிக் கார் தோட்டத்துக்குள் திரும்பும் வரை தொப்பியை மடியிலேயே வைத்திருந்தார். அதற்கப்புறம்தான் வண்டியைக் கிளப்பினார்.

"அப்பா, வேணாம்பா. இன்னிக்கு மட்டும் வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லலயே பாப்பா."

கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் அந்த வெள்ளிக் கார் நின்றிருந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட ஓர் ஆள் பின் இருக்கையிலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஹாய்ட் இறங்கினார். கடிகாரம் பைக்குள் போனது. பொத்தான் மாட்டப்பட்டது.

அந்த ஆள் நிமிர்ந்து "குட் மார்னிங்" என்றார். அந்த வாயிலேயே முதல் குத்து விழுந்தது. மூக்குக் கண்ணாடி கார் கூரை மேல் பறந்தது. இரண்டாவது குத்து வயிற்றில். மடிந்தவரைச் சட்டைக் காலரோடு தூக்கிக் கார் கதவில் மோதினார், மறுபடியும் மோதினார். புத்தகங்கள் இருவர் காலடியிலும் மிதிபட்டன. மார்லா அப்பாவின் முழங்கையில் தொங்கினாள். மரத்தின் கிளையில் தொங்குவது போலத்தான் இருந்தது. அந்தக் கை அவளையும் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு முறை குத்தியது. அவளுடைய வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. ஒரு பல் தார்த்தரையில் உருண்டு நின்றது. ரோஜாச் செடிகளுக்கு நடுவே பெற்றோர்கள் கையில் கல்லூரியின் வரைபடத்தோடு அப்படியே நின்றிருந்தார்கள்.

துணை ஷெரீஃப் ஒருவர் வந்தார். இளைஞர். ஹாய்டின் கைகளுக்கு விலங்கு மாட்டி வண்டியின் முகப்பில் சாய்த்துவிட்டு, "என்ன நடந்துச்சுங்கய்யா?" என்று கேட்டார். ஹாய்ட் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அந்த இளைஞரின் முகம் மாறியது. அடிபட்டவர் பக்கம் திரும்பி, "நீங்க ஊர்வலத்த அறுத்துக்கிட்டு வந்தீங்களா சார்?" என்றார், அடித்தவன் அவர்தான் என்பது போல.

"என்ன ஊர்வலம்? எல்லாரும் எதுக்கோ நின்னுட்டிருந்தாங்க. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு," என்றார் அவர், வாயில் கைக்குட்டையை அழுத்தியபடி. ஹால்வர்சன் என்று பெயர், தத்துவ ஆசிரியர், மினசோட்டாக்காரர், அங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "எங்க ஊர்ல இதுக்கெல்லாம் நிக்க மாட்டோம்."

"எங்க ஊர்ல இதுக்கெல்லாம் வெட்டுவோம்," என்றார் ஹாய்ட்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க," என்றார் துணை ஷெரீஃப், மரியாதையாகவே.

கல்லூரியின் டீன் அம்மாள் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வழக்குப் போடச் சொன்னார். ஹால்வர்சன் தலையாட்டி மறுத்தார். "வழக்கு வேணாம். இவர் என் முகத்தப் பாத்து, அடிச்சது தப்புன்னு சொன்னா போதும்."

எல்லாரும் ஹாய்டைப் பார்த்தார்கள். அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வாய் ஒருமுறை திறந்து மூடியது.

"சொல்றேன். ஆனா இன்னிக்கு வராது. வர்றப்ப நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

"வாக்கா?" என்றார் துணை ஷெரீஃப்.

"வாக்கு."

விலங்கைக் கழற்றினார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல வருகிற நாளைத் தவிர வேறெந்த நாளும் அவர் கல்லூரி வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டீன் சொல்லிவிட்டார்.

"வண்டில ஏறு," என்றார் ஹாய்ட் மகளிடம்.

மார்லா ஏறவில்லை. "நீ வெளிய நில்லுப்பா. நான் வகுப்பப் பாத்துட்டு வர்றேன்." அவரிடம் அவள் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஓர் அடி விழும் என்றே நினைத்தாள். விழவில்லை.

வந்தவர்களுக்காக ஒரு மாதிரி வகுப்பு வைத்திருந்தார்கள். நடத்த வேண்டியவர் ஹால்வர்சன். அவர் உதடு வீங்கி, மூக்கில் பஞ்சோடு வந்து நின்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தயாரித்து வந்ததையெல்லாம் ஓரமாக வைத்தார்.

"இப்பதான் என்னை ஒருத்தர் அடிச்சார். பாத்திருப்பீங்க. ஒரே ஒரு கேள்வி. நான் செஞ்சது தப்பா?"

"தப்புதான் சார்!" என்றார் பின்வரிசையில் ஒரு தகப்பன், கொஞ்சம்கூட யோசிக்காமல். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வழக்கம் தெரியாதவன் எப்படிக் குற்றவாளி ஆவான் என்றாள் ஒரு பெண். தெரியாதவன் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். குரல்கள் உயர்ந்தன, நாற்காலிகள் நகர்ந்தன. எப்போது கை ஓங்கப் போகிறார்கள் என்று மார்லா ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஓங்கவில்லை.

அவளே எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது. "உங்களுக்கு வழக்கம் தெரியாது, சரி. ஆனா உங்களுக்கு முன்னால ஒரு பால் லாரி நின்னுச்சு. ஸ்கூல் பஸ் நின்னுச்சு. நாங்க நின்னோம். இத்தன பேரு ஒரு காரணத்தோட நிப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. இவங்க சும்மா நிக்கிற ஆளுங்கன்னு நெனச்சீங்க. அதான் தப்பு."

சட்டையில் ரத்தக் கறையோடு நிற்கும் பெண் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் நெனச்சேன். அது தப்பு."

அவ்வளவு பேர் முன்னால் ஒரு மனிதன் தன் தப்பை ஒத்துக்கொண்டு, செத்துப்போகாமல் நின்றதை மார்லா அதுவரை பார்த்ததில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அவள் உட்கார்ந்தாள்.

வாரக் கடைசியில் டப் உள்ளூர்ச் செய்தித்தாளோடு வந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "மச்சான், எவன் சாவுக்காக அந்த வாத்தியார் பல்ல உடைச்ச தெரியுமா? பர்விஸ் டில்மன்! உன் தோள உடைச்சானே, அவனேதான்! கல்லறைல துப்புவேன்ன, இப்ப அவனுக்காக ஜெயிலுக்குப் போகப் பாத்தியே!"

ஃபேய் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாய்ட் செய்தித்தாளை வாங்கி, படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"செத்தது யாருன்னு கேட்டுட்டா வண்டிய ஓரங்கட்றோம்?" என்றார்.

மார்லாவுக்கு அந்த நேரம் அப்பாவைப் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. நிற்கத் தெரிந்த ஊர் இது. நிற்காதவன் பல்லை உடைக்கிற ஊரும் இதுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியுமா? அதை அந்தச் சின்னக் கல்லூரியில் சொல்லித் தருவார்களா, இல்லை இரண்டையுமே மறக்கடித்து அனுப்பிவிடுவார்களா? நர்ஸ் படிப்புக்கான இடமும் அவளுக்குத் தயாராக இருந்தது. எந்தக் கல்லூரி என்று அந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

மறு சனிக்கிழமை விடியற்காலையில் ஹாய்ட் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்பினார். சின்ன வயதிலிருந்தே மார்லா கூடப் போவாள். சதுப்பு நிலத்தில் நாய்கள் ஒரு பெரிய ஆண் பன்றியை மடக்கின. இரண்டு நாய்கள் காதைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. பன்றி தலையை ஒரு வெட்டு வெட்டிக் கோரைப்பல்லால் இடித்தது. ஒரு நாயின் விலா கிழிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அப்படியும் அது வாயை விடவில்லை. ஹாய்ட் பின்னங்காலைப் பிடித்துப் பன்றியைப் புரட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியைப் பிடி வரை இறக்கினார். அது அலறிய அலறலில் கொக்குகள் எழும்பின. ரத்தம் அவர் முழங்கை வரை வந்தது. துடிப்பு அடங்கும் வரை அதன் மேல் முட்டியை ஊன்றியிருந்தார்.

நாயின் விலாவை மார்லா தைக்க, அவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வகுப்பில் நடந்ததை அவள் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டானா? எல்லார் முன்னாலயுமா?"

"ஆமாப்பா."

"எவனாவது கழுத்துல கத்திய வெச்சிருந்தானா?"

"இல்ல. நான்தான் கேட்டேன். உடனே ஒத்துக்கிட்டார்."

ஹாய்ட் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப அவன் பக்கம் முடிஞ்சிருச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் பக்கம்தான் இன்னும் நிக்குது," என்றார். திடீரென்று எழுந்து கத்தியை ஒரு சைப்ரஸ் மரத்தில் ஓங்கிக் குத்தினார். பிடுங்கி மறுபடியும் குத்தினார். முனை ஒடிகிற வரை குத்தினார்.

"எனக்கு அது வராது பாப்பா. வயித்துக்குள்ளேர்ந்து வருது, தொண்டைல வந்து நின்னுக்குது. நீ அங்கயே போ. அத எப்படிச் சொல்றதுன்னு அங்க தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்ல."

ஆகஸ்டில் அவரே கொண்டுபோய் விட்டார். செங்கல் வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, பெட்டிகளைச் சாலையோரம் இறக்கிவைத்தார். "இதுக்கு மேல நான் வரக்கூடாது," என்றார். மார்லா ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக்கொண்டு உள்ளே போய்வந்தாள். கடைசிப் பெட்டி போகும் வரை வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

முதல் வருடமே மார்லா ஒருத்தியை அடித்தாள். விடுதியில் ஒரு பணக்காரப் பெண், ஹாய்ட் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, அதே போல மூக்கால் பேசிக் காட்டினாள். மார்லாவின் கை எழுந்ததும் இறங்கியதும் ஒரே வேகம். அந்தப் பெண்ணின் காதணி அறுந்து சுவரில் தெறித்தது. தன் கையை மார்லா பார்த்தாள். அதில் அப்பா இருந்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்து, அடித்தது தப்பு என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன் செய்து அதைச் சொன்னாள்.

"என்ன வார்த்தை சொன்ன?" என்று கேட்டார் ஹாய்ட்.

"'உன்ன அடிச்சது என் தப்பு'ன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் சேக்கலயா?"

"சேத்தா கெட்டுப்போயிடும்பா."

அவர் ஏதோ முணுமுணுத்தார், அந்த வார்த்தைகளை வாயில் போட்டுப் பார்ப்பது போல. பிறகு, "அம்மாகிட்டக் குடுக்கறேன்," என்றார்.

அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது, குளிர்காலத்தில், காட்டில் வேலையின்போது, மேலே ஒடிந்து சிக்கியிருந்த ஒரு கிளை ஹாய்ட் மேல் விழுந்தது. ஆள் உயரத்தை விடப் பெரிய கிளை. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. கூட வேலை செய்தவர்கள் இறந்தவரின் முகத்தை மார்லாவுக்குக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

மார்லா பட்டம் வாங்கிய மே மாதத்தில் ஃபேயும் டப்பும் ஓக் மரத்தடியில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். விழா முடிந்ததும் அவள் ஹால்வர்சனின் அறைக்குப் படியேறிப் போனாள். நான்கு வருடமும் அவரிடம் படித்தவள். அவர் ஒருநாளும் ஹாய்டின் வாக்கைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் புதிதாகக் கட்டிய முன்பல் மட்டும் மற்றவற்றை விட வெள்ளையாக இருந்தது.

"சார், எங்கப்பா உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு..."

அவர் கையை உயர்த்தினார். "வேணாம் மார்லா. நீ என்னை அடிக்கல."

"அவர் இனிமே வர முடியாது சார்."

"தெரியும்."

"அப்ப நான் சொல்றத வாங்கிக்குங்களேன்."

"நீ சொன்னா அது உன்னோடது. எனக்கு வர வேண்டியது அவரோடது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண நான் எப்படி வாங்கிக்க முடியும்?"

அது நேர்மையா, பிடிவாதமா, நான்கு வருடப் படிப்பும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. விரல்கள் மடங்கின. பட்டமளிப்பு அங்கியின் நீளக் கைகளுக்குள் அவற்றை மறைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

கீழே டப் எழுந்து நின்றான். "என்ன சொன்னான் உங்க வாத்தியார்?"

"வாங்கிக்க மாட்டேன்னுட்டார்."

ஃபேய் கைப்பையை மூடினாள். டப் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். அன்றைக்கு அவனுக்கு எந்த வேடிக்கையும் வரவில்லை.

"அப்ப மச்சான் இன்னும் பாக்கிதான்," என்றான்.